கந்தகம் நீக்கிய வாயு

மதியம் சாப்பிட்டதும் கொஞ்சம் கண்ணயர்வது யாருக்கும் நல்லதுதான். ஆலைத் தொழிலாளி வீரமுத்து கேட்டபோது நான் மறுக்காததற்கு அதையும் ஒரு காரணமாக எழுதிக்கொள்ளுங்கள்.

கச்சிராயபாளையத்துக்கு அப்பால், கரும்புச் சக்கையை வாயுவாக்கி அதிலிருந்து டீசல் எடுக்கும் சோதனை ஆலையில் நான் வேதியியலாளன். வாயுவை டீசலாக்குவது உலைக்குள் இருக்கும் கோபால்ட் வினையூக்கி. அவ்வளவு நன்றியுள்ள பொருளை நான் பார்த்ததில்லை. ஆனால் கந்தகம் துளி பட்டாலும் செத்துவிடும். உலையைத் திடீரென்று நிறுத்தினாலோ டீசலோடு உள்ளே உண்டாகும் மெழுகு அதன்மேல் உறைந்து வீணாகிவிடும். இரண்டு முறை அப்படி இழந்திருக்கிறேன். இரண்டாவது முறை அழுதேன்.

அதனால் வாயுவிலிருந்து கந்தகத்தை முழுக்க நீக்கினேன். அதோடு நாற்றமும் போயிற்று. இங்கே வேலை செய்பவர்களுக்கு ஒரு பழக்கம்: குழாய் அறைக் கதவைத் திறந்து மோந்து பார்ப்பார்கள். அழுகிய முட்டை நாற்றம் இல்லையென்றால் கசிவு இல்லை என்று உள்ளே போவார்கள். மிச்சமிருக்கும் கார்பன் மோனாக்சைடு நாற்றமே இல்லாமல் ஆளைக் கொல்லும் என்று அவர்களுக்குச் சொல்லவேண்டியவன் நான். சொல்லவேண்டும் என்று பலமுறை நினைத்தேன்.

அன்று அந்த அறையின் எச்சரிக்கைக் கருவி கத்தியது. அது பொய்யாகவும் கத்தும். அதை நம்பி உலையை நிறுத்தி, கசிவு இல்லையென்று தெரிந்தால் எல்லாம் மறுபடியும் பாழ். நானே போய்ப் பார்க்கலாம்தான். ஆனால் சுவாசக் கவசத்தில் ஒருமுறைக்கான காற்றே மிச்சம், வீணாக்க மனமில்லை. கருவியை அணைத்துவிட்டு யோசித்துக்கொண்டிருந்தேன். வெளியே நல்ல மழை. வீரமுத்து துண்டை உதறிக்கொண்டு வந்து, கதவைத் திறந்து மோந்தார்.

"இப்பல்லாம் நாத்தமே இல்லீங்க சார். உள்ள கதகதன்னு இருக்குது. கொஞ்ச நேரம் படுத்துக்கினா இன்னாங்க?"

"படுங்க" என்றேன். சாரல் அடித்ததால் கதவையும் சாத்தினேன்.

பிறகு அவர் மனைவி அமிர்தம் சக்கைக் கொட்டகையிலிருந்து டீ கொண்டுவந்தாள். "இன்னா சார், இன்னும் தூங்கிக்கினே இருக்காரா?"

"அசந்து தூங்குறாரு. எழுப்பாதம்மா" என்றேன். சிரித்துக்கொண்டே டீயை மூடிவைத்துவிட்டுப் போனாள்.

டீ ஆறியும் அவர் எழுந்து வரவில்லை. கருவி பொய் சொல்லவில்லை என்பது எனக்கு உறுதியாயிற்று. கவசத்தை மாட்டிக்கொண்டு உள்ளே போனேன். கசிந்த இணைப்பின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாக இறுக்கினேன். அவசரப்பட்டால் கசிவை அடைக்கும் உள்வளையம் கிழிந்துவிடும். வீரமுத்து என் காலடியில் கிடந்தார். கண் திறந்திருந்தது. அவர் விரல்கள் என் பேண்ட்டைப் பிடித்தன. வேலையை முடித்துவிட்டுக் குனிந்தேன். அதற்குள் விரல்கள் தளர்ந்துவிட்டன.

கொலை என்கிறீர்கள். சரி. கசிவு இருக்கிறதா என்று பார்க்கத்தான் அவரை உள்ளே விட்டேன். அமிர்தத்திடம் இதை யாராவது பொறுமையாக விளக்குங்கள். அன்று உலை ஒரு கணமும் நிற்கவில்லை என்று கேட்டால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.