எக்செல் சமம் என்று சொன்ன மூன்று வண்டிகள்

பெங்களூரில், பொம்மசந்திராவிலிருந்து சிவாஜிநகர் போகும் பஸ்ஸில், என் முன் சீட்டில் ஒரே கம்பெனி ஆட்கள் இருவர். பெரியவர் லோடிங் மேஸ்திரி. சின்னவன் எந்தச் சரக்கு எந்த வண்டியில் என்று கம்ப்யூட்டரில் பிரித்துக் கொடுப்பவன்.

"எக்செல்ல எடையை மட்டும் வரிசைப்படுத்திட்டேண்ணா. சரக்கு பேரு பழைய இடத்துலயே நின்னுடுச்சு."

"அப்படின்னா?"

"இரும்புக்கு நேரா அட்டைப்பெட்டி எடை வந்துடுச்சு. ஷீட்ல மூணு டெம்போவும் சமம். நெஜத்துல இரும்பு பூரா மூணாவது வண்டியில."

"முனுசாமி வண்டியா? டயர் அமுங்குதுன்னு காலையிலயே கத்துனானேடா!"

"கம்ப்யூட்டர் தப்பு பண்ணாதுன்னு சொல்லிட்டேண்ணா."

எனக்கே அவனை அறையலாம் போல இருந்தது.

"அவன் இனிமே தொப்பூர் கணவாய்ல இறங்கணும். பிரேக் புடிக்குமாடா?"

"செல் இல்லையாண்ணா அவருகிட்ட?"

"நீ வாங்கிக் குடுத்தியா? கணவாய்க்கு முன்னாடி தர்மபுரி ஓட்டல்ல சாப்பிடுவான். ஓட்டல் நம்பர் எங்கிட்ட இருக்கு, எந்திரி."

"நில்சி, நில்சி!" என்று பஸ்ஸை நிறுத்தச் சொல்லி மேஸ்திரி கண்டக்டரைப் பார்த்துக் கன்னடத்தில் கத்தினார். எதிரே எஸ்.டி.டி. பூத் தெரிந்தது.

படியில் நின்றபடி சின்னவன் கேட்டான். "என்னண்ணா சொல்றது?"

"வண்டியை எடுக்காதேன்னு சொல்லுடா. உன் எக்செல் கதையெல்லாம் அவன் உசுரோட வந்தப்புறம் சொல்லிக்கலாம்."