குழாய் மேல் விழுந்த பழி

குழாயைத் திறக்கும்போது யாரும் தவறு செய்வதில்லை ஐயா. மூடும்போதுதான் செய்கிறார்கள். வேகமாக ஓடிவரும் தண்ணீரைச் சட்டென்று மறித்தால் அது எங்கே போகும்? திரும்பிக் குழாயையே மோதும். சுவருக்குள் யாரோ சுத்தியலால் அடிப்பதுபோல் தொம் தொம் என்று கேட்கும். மெதுவாக மூடுங்கள் என்று முப்பது வருடமாக வீடு வீடாகச் சொல்லிவருகிறேன். தலையை ஆட்டுவார்கள். நான் படி இறங்குவதற்குள் படக்கென்று மூடும் சத்தம் கேட்கும்.

இதற்கு வைத்தியம் பெரிதாக ஒன்றுமில்லை. மேல்முனை அடைத்த ஒரு அடித் துண்டுக் குழாயைச் செங்குத்தாக இணைத்துவிட வேண்டும். அதற்குள் காற்று நிற்கும். மோதிவரும் தண்ணீர் மெத்தையில் விழுவதுபோல் அந்தக் காற்றில் விழுந்து அடங்கிவிடும். நாளாக ஆக அதிலும் தண்ணீர் ஏறிவிடும் என்பதால், அவ்வப்போது குழாயை முழுதாக வடித்துக் காற்றை நிரப்ப வேண்டும். அரை மணி நேர வேலை. என் வீட்டிலும் அந்தக் காற்றுத் துண்டு உண்டு. வடிக்கும் வேலையை மட்டும் நான் செய்யவில்லை.

என் மனைவி பக்கவாதத்தில் விழுந்து ஆறு வருடம் ஆயிற்று. பேச்சு போய்விட்டது, வலது பக்கமும் போய்விட்டது. இடது கை மட்டும் மிச்சம். கட்டிலை ஒட்டிச் சுவரில் இரும்புக் குழாய் போகிறது. அதில் தட்டச் சொல்லி ஒரு கரண்டியைக் கொடுத்தேன். ஒரு தட்டு என்றால் தண்ணீர். இரண்டு என்றால் புரட்டிவிடு. மூன்றாவதை அவளாகச் சேர்த்துக்கொண்டாள். முதல் தடவை புரியாமல், தண்ணீரா, மருந்தா என்று கேட்டுப் பார்த்தேன். கண்ணால் நாற்காலியைக் காட்டினாள். சும்மா வந்து உட்கார் என்று அர்த்தம்.

ஆறு வருடம் என்பது வாயால் சொல்லச் சுலபம். சாப்பிட உட்கார்ந்தால் தட்டுவாள். கண் அசந்தால் தட்டுவாள். உதவிக்கு வந்த இரண்டு பெண்கள் ஒரு மாதம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. அவளுடைய தங்கை எப்போதாவது வந்து அரை மணி நேரம் அழுதுவிட்டுப் போவாள். நான் குளியலறையில் வாயில் துண்டை அடைத்துக்கொண்டு அழுதிருக்கிறேன். என்னால் முடியவில்லை ஐயா, உண்மையாகவே முடியவில்லை. அவள் மேல் எனக்கு வெறுப்பில்லை. அந்தக் கரண்டியின் மேல்தான். அதைப் பிடுங்கி வைக்கவும் மனம் வரவில்லை.

ஒரு நாள் சத்தம் கேட்டு அடித்துப் பிடித்து ஓடினேன். அவள் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். மாடி வீட்டில் குழாயை மூடியிருக்கிறார்கள், இங்கே அடித்திருக்கிறது. காற்றுத் துண்டில் தண்ணீர் ஏறிவிட்டது என்று புரிந்தது. அலுப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அடுத்த முறை சத்தம் கேட்டபோது, குழாயாக இருக்கும் என்று உட்கார்ந்தே இருந்தேன். எத்தனையோ நாளைக்குப் பிறகு அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக நடந்தது. குழாயைச் சுவரோடு பிடித்திருந்த கிளாம்பு இரண்டைத் தளர்த்தினேன். பம்பின் அழுத்தத்தைச் சற்றுக் கூட்டினேன். மாடி வீட்டில் பழைய திருகுக் குழாயைக் கழற்றிவிட்டு, தட்டினாலே மூடிக்கொள்ளும் புது மாதிரி ஒன்றை நானே வலியப் போய் மாட்டிக் கொடுத்தேன். அந்த வீட்டு அம்மா ஒரு தடவை வழிமறித்துக் கேட்டார்.

"அண்ணே, ஊர்ல இருக்கிற குழாயெல்லாம் சரி பண்றீங்க. உங்க வீட்டுக் குழாய் மட்டும் ஏன் இப்படி அடிச்சுக்குது?"

"சொந்த வீட்டு வேலைக்கு யாரும்மா கூலி தர்றா?" என்றேன். இருவரும் சிரித்தோம்.

மனைவியிடம் மட்டும் குழாய் என்ற சாக்கு எடுபடவில்லை. ஒரு நாள் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு ஒரு மணி நேரம் ஈரத்திலேயே கிடந்திருந்தாள். "குழாய்தான் அடிக்குதுன்னு நெனச்சேம்மா. நீ தட்டினது எனக்கு எப்படித் தெரியும்?" என்றேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து வருடம் பிளம்பருக்கு வாழ்க்கைப்பட்டவள். தண்ணீர் அடிக்கும் சத்தம் வேறு, கரண்டி அடிக்கும் சத்தம் வேறு என்று அவளுக்குத் தெரியும். அன்றோடு மூன்று தட்டுவதை நிறுத்திவிட்டாள்.

ஸ்டேஷனிலிருந்து நீங்கள் விசாரிக்க வந்தபோது மாடி வீட்டு அம்மாதான் எனக்காகப் பேசினார். அந்தக் குழாய் எப்போதும் அடித்துக்கொண்டே இருக்கும், பாவம், இவருக்கு எப்படித் தெரியும் என்றார். நீங்களும் அப்படியே எழுதி முடித்தீர்கள். நானும் பேசாமல் இருந்திருப்பேன். போன வாரம் மனைவியின் தங்கை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"நீங்க என்ன அத்தான் பண்ணுவீங்க? அந்தப் பாழாப்போன குழாய்தான் எங்கக்காவைக் கொன்னுடுச்சு."

அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அந்தக் குழாய் நான் என் கையால் போட்டது. இத்தனை வருடத்தில் ஒரு மூட்டில்கூடக் கசிந்ததில்லை.

அவள் போன அன்று தொட்டி கழுவும் நாள். மாடி வீட்டில் எல்லாரும் வெளியூர் போயிருந்தார்கள். காலை ஒன்பது மணிக்கே பம்பை நிறுத்தி, மெயின் வால்வை மூடி, தொட்டியையும் குழாயையும் கடைசிச் சொட்டு வரை வடித்துவிட்டேன். மொட்டைமாடியில் தொட்டிக்குள் இறங்கித் தேய்த்துக்கொண்டிருந்தபோது கேட்டது. இரண்டு. மறுபடியும் இரண்டு. அவளுக்குச் சளி அடைத்தால் ஒருக்களித்துப் புரட்டிவிட வேண்டும். ஒரு நிமிட வேலை. வெற்றுக் குழாய் என்பதால் பக்கத்தில் நின்று தட்டுவதுபோல் தெளிவாகக் கேட்டது. குழாய்தான் அடிக்கிறது என்று சொல்லிக்கொண்டேன். வாய்விட்டே சொன்னேன். இருபது நிமிடம் பாசியைத் தேய்த்தேன். தொட்டி பளிச்சென்று ஆகிவிட்டது.

கடைசியாக மூன்று கேட்டது. அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

அன்று வடித்ததில் காற்றுத் துண்டும் தானாகச் சரியாகிவிட்டது. இப்போது மாடியில் எவ்வளவு வேகமாக மூடினாலும் வீட்டில் சத்தமே இல்லை. நீங்கள் வந்து பார்க்கலாம். தண்ணீர் இல்லாத குழாய் அடிக்காது ஐயா. தயவுசெய்து நீங்கள் எழுதியதைத் திருத்திவிடுங்கள். குழாயில் ஒரு கோளாறும் இல்லை.