கையை வுடுங்க

— கையை வுடுங்கன்றேன். இந்த வீடியோ கண்ணாடி மாட்டினதுல இருந்து என் முழங்கையை இறுக்கிப் புடிச்சிக்கிட்டே நிக்கறீங்க.

— நீ சாயற, சுமலதா. நூறு கிலோவுக்கு மேல. சாஞ்சா யாரு தூக்கறது?

— அண்ணா, எடையை வெச்சுப் பேசாதீங்க. அக்கா, கண்ணாடிக்குள்ள என்ன தெரியுது?

— தொங்கு பாலம், ஜெயபிரியா. கீழ ஆறு. பாலம் ஆடுது.

— நெசமில்லக்கா. நீங்க நிக்கறது தரையில கெடக்கற பலகை. ஒடம்பு சாயற பக்கம் பாலம் ஆடும், அவ்ளோதான். மெதுவா நடுவுக்கு வாங்க. அண்ணா, தள்ளி நில்லுங்க.

— பிசியோன்னு பேரு, பண்றது புள்ளைங்க கேமு. இதுக்கா பாப்பாரப்பட்டியில இருந்து பஸ் ஏறி வாரோம்?

— வராம? போன பண்டிகைக்கு மாரியம்மன் கோயில் வாசல்ல, தலையில மாவெளக்குத் தட்டோட வுழுந்தேனே. நீங்க இதே மாதிரி கையைப் புடிச்சிக்கிட்டு வந்தும் வுழுந்தேன். சோத்தைக் கொறைச்சிருந்தா ஆத்தா ஏத்துக்கிட்டிருப்பாளாம். ஊரே சொல்லிச்சி.

— அந்தப் பேச்சை எடுக்காத. இந்த வருசம் தட்டை மலர்விழி தூக்குவா. வூட்டுல பேசியாச்சி.

— உங்க தம்பி பொண்டாட்டியா? யாரைக் கேட்டுப் பேசினீங்க? மூத்த மருமவ நான் குத்துக்கல்லாட்டம் இருக்கறேன்.

— கத்தாத. நாலு பேரு பாக்கறாங்க.

— என் கண்ணுக்கு ஆறுதான் தெரியுது. பாக்கறவங்க பாக்கட்டும். என் தட்டை நான்தான் தூக்குவேன், சொல்லிப்புட்டேன்.

— அக்கா, இவ்ளோ கோவத்துலயும் பாலம் அசையவே இல்ல. அண்ணா கையை வுட்டதுல இருந்து நேரா நிக்கறீங்க.

— இதென்ன பெரிய வித்தை? கழட்டு அதை. நான் நின்னு காட்டறேன்.

— இந்தாங்க. நில்லுங்க பாப்போம்.

— மெதுவாண்ணா. ரெண்டு காலும் பலகைமேல பதிஞ்சிருக்கா?

— தெரியல.

— கால்ல பலகை படறது தெரியலையா?

— மரத்துப்போச்சி. சக்கரை. அது கெடக்குது ரெண்டு மூணு வருசமா. ஏய், சாயுது. சுமலதா, புடி.

— புடிச்சிட்டேன். மொத்த பாரத்தையும் எம்மேல போடறீங்களே, தோளே எறங்குது.

— அண்ணாவைப் பெஞ்சுல உக்கார வைங்கக்கா. அக்கா? ஏன் அப்படிப் பாக்கறீங்க?

— இதே பாரம், ஜெயபிரியா. அன்னைக்கிக் கோயில் வாசல்லயும் இப்படித்தான் தோளு எறங்கிச்சி.

— சுமலதா, வூட்டுக்குப் போயி பேசிக்கலாம்.

— வூட்டுல இல்ல. கோயில் வாசல்ல, ஊரைக் கூட்டி வெச்சிப் பேசு. அன்னைக்கி வுழுந்தது நீ.