அப்பா கொடுத்தது

எங்கள் வீட்டில் இன்றும் விறகடுப்பில்தான் சமையல், ஐயா. தெருவில் முக்கால்வாசி வீட்டுக்கு கேஸ் வந்துவிட்டது. என் வீட்டுக்காரி செல்லத்தாய், அடுப்பை மாற்றுகிற பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவாள். விறகில் வைக்கிற கறிக்குழம்புக்குத் தனி ருசி உண்டு என்பதால் நானும் வற்புறுத்தியதில்லை. அந்தக் குழம்பிலிருந்து ஆரம்பிக்கலாம் என்றுதான் நினைத்தேன். நீங்கள் ஆர்ட்டிஸ்ட் ஜெயச்சந்திரனிலிருந்து எழுதச் சொல்லித் தாள் கொடுத்திருக்கிறீர்கள். அப்படியே ஆகட்டும்.

என் பெயர் முனியராஜ். ஊர் தாயில்பட்டி. இருபத்தாறு வருஷமாகப் பயர் ஆபீஸில், அதாவது பட்டாசுக் கம்பெனியில், மருந்து கலக்குகிறேன். பட்டாசுக்குள் போகிற மருந்து. டிரம்மில் ஒட்டியிருக்கிற பெயரைப் படித்துப் பார்த்து எடுக்கிறவன் என்பதால் போர்மேன் என்னை நம்பி அறையை விடுவார். அந்தப் படிப்பும் முப்பத்தெட்டு வயதில் அறிவொளி வகுப்பில் வந்ததுதான். கம்பெனியில் என் கையால் ஒரு விபத்து நடந்ததில்லை. யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

போன வருஷம் ஆனி மாதம் ஒரு சாயங்காலம் வேனை விட்டு இறங்கினேன். அன்று அலுமினியப் பவுடர் வேலை. அந்த வேலை செய்த நாளில் தலைமுடியிலிருந்து கால் நகம் வரை வெள்ளியாகிவிடும். குளித்தாலும் காது மடலில் நிற்கும். கூட வருகிற சண்முகத்தாய், "என்ன மாமா, கோயில் செலை எந்திரிச்சு டீ குடிக்க வந்த மாதிரில்ல இருக்கீக" என்றாள். வேனே சிரித்தது. டீக்கடையில் நின்றிருந்த ஒருவர் மட்டும் சிரிக்காமல் பக்கத்தில் வந்தார்.

"அண்ணாச்சி, ஒரு நிமிசம் அப்படியே நில்லுங்க. தயவுசெஞ்சு குளிச்சிராதீக."

அவர்தான் ஜெயச்சந்திரன். சிவகாசி அச்சகங்களில் காலண்டருக்கு லட்சுமியும் முருகனும் வரைந்தவர். கம்ப்யூட்டர் வந்த பிறகு அந்த வேலை போய்விட்டது. அதன் பிறகு தன் மனம் போனபடி வரைந்தார். கருவேலங்காட்டைச் சிவப்பாகவும் வானத்தைப் பச்சையாகவும் போடுவார். காடு வரைந்து அலுத்துப்போய் மனிதர்களைத் தேடி வந்திருக்கிறார். "கண்ணுக்குத் தெரியிறதுக்குத்தான் கேமரா இருக்கே அண்ணாச்சி. நமக்கு வலிக்குதுல்ல, அது என்ன நிறம்னு பாத்துறணும்" என்றார். எனக்குப் புரியவில்லை. ஆனாலும் நின்றேன்.

அந்தப் படத்தை சிவகாசியில் ஒரு கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக்கூடத்தில் மற்ற படங்களோடு மாட்டினார். வெள்ளி மனிதன். வாய் கறுப்புக் குழி. விரல்கள் வேர் மாதிரி. செல்லத்தாய் வெகுநேரம் பார்த்துவிட்டு, "எல்லாஞ் சரி, இவுக மூக்க எங்கன வச்சீக? ஊர்ல அது ஒண்ணுதான் பெருசுன்னு பேரு" என்றாள். ஆர்ட்டிஸ்ட் உட்கார்ந்துவிட்டார், அவ்வளவு சிரிப்பு. நான் அன்று முழுக்க அந்தப் படத்துக்குப் பக்கத்திலேயே நின்றேன். வந்தவர்களில் ஒருவர், "இது நீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஆர்ட்டிஸ்டோடு எனக்கு முதலிலிருந்தே பகை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பழைய தீப்பெட்டி ஆபீஸ் ஒன்றில் ஒரே அறையை வாடகைக்குப் பிடித்து வரைந்துகொண்டிருந்தார். தங்குவதும் அங்கேதான். கடைச் சாயத்தில் எங்கள் வெள்ளி வரவில்லை என்று வருத்தப்பட்டார். நான் தூக்குவாளியில் கொஞ்சம் அலுமினியப் பவுடரும் கந்தகமும் கொண்டுபோய்க் கொடுக்க ஆரம்பித்தேன். பசையில் குழைத்துப் பூசுவார். தனித்தனியாக இருக்கிற வரைக்கும் பாதகமில்லை. எதை எதோடு சேர்க்கக் கூடாது என்று நான்தான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். நான் கொண்டுபோனால் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார். அவ்வளவு நம்பிக்கை.

என் மகள் இசைவாணியை அவரிடம் கூட்டிப்போனதும் நான்தான். பத்தொன்பது வயது. பதின்மூன்று வயதில் ஸ்டவ் வெடித்து முகத்தில் ஒரு பாதியும் கழுத்தும் வெந்துவிட்டது. அதிலிருந்து வெளியே போவதில்லை. வீட்டில் உட்கார்ந்து பெட்டிக்கு லேபிள் ஒட்டுவாள். முதல் ஞாயிறு முகத்தை மூடியிருந்த முந்தானையை எடுக்கவே இல்லை. ஆர்ட்டிஸ்ட் முந்தானையையே வரைந்து கொடுத்தார். இரண்டாவது ஞாயிறு, "நெசமாவே எம்மூஞ்சி பச்சையா சார்?" என்று கேட்டாள். "ஒனக்குப் பிடிச்ச நிறத்தைச் சொல்லு, மாத்திருவோம்" என்றார். மாத்த வேண்டாம் என்று சொல்லிச் சிரித்தாள். ஆறு வருஷத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். அப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் தானே பஸ் ஏறிப் போனாள். அவருக்கு மதியச் சாப்பாடு எங்கள் வீட்டிலிருந்து அடுக்குச் சட்டியில் போகும். கையில் பிரஷ்ஷைக் கொடுத்து அவளையும் வரையச் சொல்லியிருக்கிறார்.

இந்த வருஷம் ஆவணியில் விருதுநகர் சூலக்கரையில் ஒரு ஹாலில் படங்களை வைப்பதாக ஏற்பாடு. பெரிய அதிகாரிகள் வருவார்கள், பேப்பரில் போடுவார்கள் என்றார்கள். அதற்குப் பத்து நாள் முன்னால் ஒரு ஞாயிறு மகளைக் கூப்பிட்டுவரப் போனவன், சுவரோரம் ஈரம் காயாமல் நின்ற பெரிய படத்தைப் பார்த்தேன்.

அவள் முகம். ஒரு பாதி மஞ்சள், மறுபாதி சிவப்பு. கீழேயிருந்து ஒரு பெரிய வெள்ளிக் கை மேலே வந்து தூக்குவாளியை நீட்டுகிறது. சுட்டுவிரலில் பாதி நகம். என் விரலைப் பாருங்கள், தெரியும். கீழே தாளில் பெயர் எழுதி ஒட்டியிருந்தது. அப்பா கொடுத்தது.

ஐயா, உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். ஸ்டவ் வெடிக்கவில்லை. கலந்த மருந்து சாயங்காலம் மிச்சமிருந்தால் அழித்துவிட்டுத்தான் போக வேண்டும், ராத்தங்கக் கூடாது என்பது எங்கள் வேலையில் சட்டம். ஊர்க் கோயில் கொடைக்கு நாலு வெடி கட்டலாமே என்று தூக்குவாளியில் வீட்டுக்குக் கொண்டுவருவோம். நான் மட்டுமல்ல, எல்லோரும் செய்ததுதான். அடியில் ஒட்டிக்கொண்டதை, "தாயி, இதைச் சுரண்டி வையி" என்று அவளிடம் கொடுத்தேன். மரக்கரண்டியால் என்று சொல்ல விட்டுப்போய்விட்டது. அவள் இரும்புக் கரண்டியை எடுத்திருக்கிறாள். மருந்துப் பக்கம் இரும்பு போகக் கூடாது, உரசினால் பொறி பறக்கும் என்பது வேலைக்கு வந்த முதல் நாளே சொல்லித் தருகிற பாடம். அவள் வேலைக்கு வந்தவள் இல்லையே.

சாக்கை நனைத்துப் போட்டு அணைத்தேன். பிறகு ஸ்டவ்வை எடுத்துவந்து, மூடியைக் கழற்றி, மண்ணெண்ணெய் சிந்துகிற மாதிரி உருட்டிவிட்டேன். அதை முடித்துவிட்டுத்தான் வண்டி கூப்பிட ஓடினேன். மருந்து வீட்டுக்கு வந்தது தெரிந்தால் வேலையும் போய் ஜெயிலும் வந்திருக்கும், அவளுக்கு வைத்தியம் யார் பார்ப்பது? ஆஸ்பத்திரி போகிற வழியெல்லாம் அவள் காதில் சொல்லிக்கொண்டே போனேன். யார் கேட்டாலும் ஸ்டவ் வெடிச்சிருச்சுன்னு சொல்லணும் தாயி. கெட்டிக்காரி. அந்த வேதனையிலும் பிடித்துக்கொண்டாள்.

அந்த ஸ்டவ்வை நான் வேண்டாம் என்று சொல்லியும் கேளாமல் பழசாக வாங்கிவந்தது செல்லத்தாய். அதனால்தான் விறகடுப்பு. அவளை நான் அதற்காக ஒரு வார்த்தை திட்டியதில்லை.

படத்தை எடுத்துவிடச் சொல்லி ஆர்ட்டிஸ்டிடம் பொறுமையாகத்தான் கேட்டேன். "ஒங்களக் குத்தம் சொல்ற படம் இல்ல அண்ணாச்சி. அவ மனசுல கெடந்தது வெளிய வந்திருக்கு. எடுக்கணும்னா அவதான் சொல்லணும்" என்றார். பஸ்ஸில் மகளிடம் கேட்டேன். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "தெரிஞ்சாத்தான் என்னப்பா? ஸ்டவ்வு ஸ்டவ்வுன்னு சொல்லி எனக்கே சடவா இருக்கு. அம்மாவாச்சும் நிம்மதியா ஒறங்கும்ல" என்றாள்.

என் மகள் அப்படிப் பேசுகிறவள் அல்ல. பேச வைத்தவர் அவர். வெந்த முகத்தைச் சுவரில் மாட்டி ஊர் கூடிப் பார்க்க வைக்கிறவருக்கு, அந்தப் பெண்ணுக்கு ஒரு தகப்பன் இருப்பது தெரிய வேண்டாமா? நாலைந்து நாள் யோசித்தேன். சோறு இறங்கவில்லை. ஆத்திரத்தில் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். நிதானமாகத்தான் இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை செல்லத்தாய் கறிக்குழம்பு வைத்தாள். அடுக்குச் சட்டியின் மேல்தட்டில் சோறும் குழம்பும். கீழ்த்தட்டில் நான் கலந்த மருந்து. எது எதோடு என்று இங்கே எழுதவில்லை. லேசாக ஈரம் பட்டால் அது உள்ளுக்குள் தானாகச் சூடு ஏறும். மழைக்காலத்தில் எங்கள் அறைகள் ஆள் இல்லாமலே பிடித்துக்கொள்வது இப்படித்தான். எத்தனை மணி நேரம் என்பது எனக்குக் கைப்பழக்கம். மதியம் ஒரு மணியைத் தாண்டி, இரண்டு மணிக்குள் பிடித்துக்கொள்ளும். ஒரு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு ஆர்ட்டிஸ்ட் அந்த அறையிலேயே பாய் விரித்துப் படுப்பார். ஜன்னல் ஒன்றுதான், அதையும் படத்தை வைத்து மறைத்திருந்தார். அந்தப் படம் மட்டும் போனால் போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அவர் இருந்தால் திரும்ப வரைவார்.

முட்டி வலிக்கிறது, இன்று வெள்ளியையும் நீயே கொண்டுபோ என்று அடுக்குச் சட்டியை இசைவாணியிடம் கொடுத்தேன்.

"கீழ்த்தட்டுல சாருக்கு வெள்ளி இருக்கு. நீ தெறக்காத. ஆட்டாமக் கொண்டுபோ. வச்சிட்டு பன்னெண்டு மணி பஸ்ஸுக்கு வந்திரு."

"சரிப்பா. நீங்க சாப்பிடுங்க மொதல்ல" என்றாள்.

இரண்டு முறை சொன்னேன், பன்னிரண்டு மணி பஸ் என்று. பெற்ற பிள்ளையின் மேல் அக்கறை இல்லாதவன் அப்படிச் சொல்வானா?

பன்னிரண்டு மணி பஸ்ஸில் அவள் வரவில்லை. ஒரு மணி பஸ்ஸும் வந்துபோனது. போன் செய்யலாமா என்று நினைத்தேன். டீக்கடையில் ஒரு ரூபாய் போன் இருந்தது, ஆர்ட்டிஸ்டின் நம்பரும் சட்டைப்பையில் இருந்தது. போன் செய்தால் என்ன சொல்வது? எப்படியும் கிளம்பியிருப்பாள் என்று உட்கார்ந்திருந்தேன். ஒன்றரைக்குப் பிறகு டீக்கடைக்காரர் என்னிடம் வந்து, பழைய தீப்பெட்டி ஆபீஸில் வெடி என்றும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது என் மகளை என்றும் சொன்னார்.

ஆர்ட்டிஸ்ட் அறையிலேயே இல்லை. ஹால் சாவி வாங்கக் காலையிலேயே சூலக்கரை போய்விட்டார். வெடிமருந்து வைத்திருந்ததாக நீங்கள் அவரைத்தான் பிடித்து உட்கார வைத்தீர்கள். நான் ஸ்டேஷனுக்கு வந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்த வெள்ளிக் கையை வரைந்தது அவர் இல்லையாம், அவளாம். "கௌம்பும்போது வந்துட்டா அண்ணாச்சி. எங்கப்பா நாலு நாளாச் சரியாச் சாப்பிடல, நான் வரைஞ்சத நானே அழிச்சிருதேன் சார், காஞ்சதும் பூட்டிட்டுப் போறேன்னு சொன்னா. நாந்தான் சாவியக் குடுத்தேன்." இதை அவர் பழியைத் தள்ளிவிடச் சொல்கிறார் என்பது என் எண்ணம். ஒன்பது நாளாக அவர் உள்ளே இருக்கிறார். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மதுரை ஆஸ்பத்திரியில் மாஜிஸ்திரேட் வந்து வாக்குமூலம் கேட்டபோது நான் கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே பேசுவது கேட்கிற தூரம்தான். என்னம்மா நடந்தது என்று இரண்டு தடவை கேட்டார். அவள் சொன்னாள்.

"ஸ்டவ் வெடிச்சிருச்சு."

மறுநாள் விடியும்போது போய்விட்டாள்.

செல்லத்தாய் அந்த வாக்குமூலத்தைக் கேட்டதிலிருந்து அழவில்லை. காரியம் முடிந்த அன்று அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவள் திரும்பி, "அங்கன ஏது ஸ்டவ்வு?" என்றாள். "சோறே நாமதான குடுத்துவிடுதோம். அந்த ரூம்புல ஏது ஸ்டவ்வு?" என் கையையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு செருப்புகூடப் போடாமல் உங்கள் ஸ்டேஷனுக்கு நடந்து வந்துவிட்டாள். அவள் சொன்னது அத்தனையும் சரி. மருந்தைக் கலந்ததும், தட்டில் வைத்ததும், மகள் கையில் கொடுத்ததும் நான்தான். ஜெயச்சந்திரனை விட்டுவிடுங்கள்.

செல்லத்தாய் இனி என் முகத்தில் முழிக்க மாட்டேன் என்கிறாள். அவள் சுபாவம் அப்படி. மகள் அப்படியல்ல. உயிர் போகிற நேரத்திலும் நான் சொல்லிக்கொடுத்ததை ஒரு எழுத்து மாறாமல் சொன்னாள். என் மேல் அவளுக்கு வருத்தம் ஏதும் இருந்திருந்தால் அப்படிச் சொல்லியிருப்பாளா, ஐயா?