தள்ளிப்போன முகூர்த்தம்

ஊர்காவற்றுறைத் தபால் கந்தோரில் முத்திரை வாங்க நின்றேன். எனக்கு முன்னால் நின்ற இளைஞர் பக்கத்திலிருந்தவரிடம், “அண்ணை, என்ரை கலியாணத்தை ஒரு கிழமை தள்ளி வைப்பமோ?” என்றார்.

மற்றவர் பெண்ணின் தமையன் என்பது அவருடைய பதிலில் தெரிந்தது. “ஏன் தம்பி, எங்கடை தங்கச்சியிலை ஏதும் குறையோ?”

“ஐயோ, இல்லை. அண்டைக்குத்தான் எங்கடை பெடியளுக்கு யாழ்ப்பாணத்திலை உதைபந்தாட்டப் போட்டி. ரண்டு வருஷமாய்க் கடற்கரை மணலிலை நான் பழக்கின பெடியள். இப்பதான் முதல் தரம் கூப்பிட்டிருக்கினம். நான் போகாட்டில் தாய்தேப்பன் அவங்களை இந்தத் தீவை விட்டுக் கடல் தாண்ட விடாயினம்.”

“இதாலை உமக்கென்ன கிடைக்குது?”

“அவங்கள் பந்தோடை ஓடுறதைப் பாத்தால் உங்களுக்கும் விளங்கும், அண்ணை.”



“எத்தினை பெடியள்?”

“பதின்மூண்டு பேர்.”

“என்ரை வள்ளத்திலை எல்லாரும் போகலாம். தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வாறன். அவளும் ஒருக்காப் பாக்கட்டும்.”