தமிழில்தான் பேசுவேன்

உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் போகும் பேருந்தில், முன் சீட்டிலிருந்த ஆராய்ச்சி மாணவி தன் அக்காவிடம் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். சுண்டுவிரல் நகமளவில் ஒரு கருவி.

“வெளிச்சம் இன்னா நிறம்னு மட்டும் இல்லக்கா, அந்த ஒளி அலை எந்தப் பக்கமா அதிருதுன்னும் இது ஒண்ணே சொல்லும்.”

“ரெண்டு வருசமா நீ பண்ணதாச்சே. நாளைக்கி ஆராய்ச்சி மீட்டிங்ல நீதானே பேசப்போற?”

“உனுக்கு இங்கிலீஷ் வராது, வேற ஒருத்தன் பேசட்டும், நீ பக்கத்துல நில்லுன்னாரு எங்க சார்.”

“நீ இன்னா சொன்ன?”

“நான் பேசலன்னா இது என் பையவுட்டு வெளிய வராதுன்னேன்.”

“கோச்சிக்கினாரா?”

“மூஞ்சியத் திருப்பிக்கினு பூட்டாரு. சாயங்காலம் என் பேரப் போட்டுத்தான் பேசறவங்க லிஸ்ட் அனுப்பினாரு.”

“இங்கிலீஷுக்கு இன்னா பண்ணுவ?”

“தமிழ்லதான் பேசுவேன். புரியாதவங்க கையத் தூக்கிக் கேக்கட்டும்.”