இருபத்துநான்கு வீடும் ஒரே முகவரியும்

நடுக்கதிரையில் வீற்றிருந்து, நான் வாய் திறக்கும் முன்பே கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட தலைவர், திகன வர்த்தகப் பெருந்தகை அல்ஹாஜ் ஸெய்னுலாப்தீன் அவர்களே! பங்குத்தந்தை அவர்களே! பள்ளிவாசல் பெரியோர்களே! ஹுன்னஸ்கிரிய மேற்பிரிவிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கும் தோட்டத்துத் தாய்மாரே! பின்னால் நின்று விசிலடிக்கும் வாலிபச் சிங்கங்களே! உங்கள் அனைவரின் பாதம் பணிந்து தொடங்குகிறேன்.

நான் மயில்வாகனம், ஓய்வுபெற்ற தபாலதிபர். யாழ்ப்பாணத்தில் பிறந்து, மலைநாட்டு மழையில் முப்பத்தொரு ஆண்டு நனைந்தவன். இன்று நான் வாழ்த்த வந்திருப்பது இதோ கூச்சத்தோடு அமர்ந்திருக்கும் றேணுகாவை. தேயிலைக் கொழுந்து பறிக்கும் டொரதி அம்மாவின் மகள். கண்டியில் ஒரு கம்பனியில் கணினி வேலை பார்ப்பவள்.

கேட்கிறேன், முகவரி என்றால் என்ன? உங்களுக்கு வீட்டிலக்கம் உண்டு, வீதி உண்டு. ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டிய அறைகளில், லயத்தில் வாழ்பவருக்கு என்ன உண்டு? மேற்பிரிவு லயத்தில் இருபத்துநான்கு குடும்பம், தொண்ணூற்றேழு உயிர், முகவரி ஒன்றே ஒன்று! அவர்களுடைய கடிதங்களைக் கட்டாகக் கட்டித் தோட்டத்து ஒபிசுக்கு அனுப்பியவன் நான். பிழை என்று தெரியும். தெரிந்தும் ‘அது அப்பிடித்தான்’ என்று முத்திரை குத்திக்கொண்டே இருந்தேன்.

அந்தப் பிழை என்னைத் தேடி வந்தது, ஐயா! மண்சரிவை முன்கூட்டி அறிவிக்க நம் தன்னார்வக் குழு ஒரு மென்பொருளை நிறுவியது. மழைமானியில் அளவு மிஞ்சினால், பதிந்திருக்கும் போனெல்லாம் அலறும். இருபத்துநான்கு குடும்பமும் பதிந்தார்கள். குழுவின் செயலாளர் நான் மார்தட்டினேன்! ஆனால் அந்த மென்பொருள் எங்கோ நகரத்து வீதிகளை நினைத்து எழுதப்பட்டது. ஒரு முகவரியில் இரண்டாமவர் பதிந்தால், முதலாமவர்தான் போன் இலக்கம் மாற்றியிருக்கிறார் என்று எண்ணிப் பழையதை அழித்துவிடும். இரண்டாமவர் வர முதலாமவர் போனார், மூன்றாமவர் வர இரண்டாமவர் போனார். மிஞ்சியவர் கடைசியாகப் பதிந்த ஒரே ஒருவர். யார்? மூன்றாம் வரிசையில் தலையைச் சொறிகிறாரே, அந்தக் காளிமுத்து!

சிரிக்காதீர்கள்! முந்திய வருடத்து மழையில் எச்சரிக்கை வந்தபோது, காளிமுத்து திகன சந்தையில் கருவாடு வாங்கிக்கொண்டிருந்தார். “எல்லாருக்கும் வந்திருக்கும்னுதான் நெனச்சேங்க,” என்றார் பிறகு. நியாயம்தானே? யார்தான் அப்படி நினைக்கமாட்டார்? லயத்தின் பின்மேடு இடிந்து டொரதி அம்மா சமைக்கும் குசினிக்குள் விழுந்தது. அவர் அப்போதுதான் விறகெடுக்க வெளியே போயிருந்தார். அந்த விறகுக்கட்டை இன்றும் கும்பிடுகிறேன்.

மறுநாள் றேணுகா என் முன்னால் வந்து நின்றாள். “சேர், எங்க அம்மா பேரை அந்தப் பட்டியல்ல காட்டுங்க.” தேடினேன். இல்லை! “ஓம் பிள்ளை, லயத்துக்கு ஒரு முகவரிதானே, அது அப்பிடித்தான்,” என்றேன். “எப்படி சேர் அப்படித்தான்? எழுதினவங்க மனுசங்கதானே? திருத்தி எழுதலாம்ல?”

திருத்தலாம்! ஏனென்றால் அது திறந்தமூல மென்பொருள். அதன் நிரலை எவரும் படிக்கலாம், எவரும் திருத்தம் எழுதி அனுப்பலாம். தலைவர் அவர்களே, உங்கள் கந்தூரிச் சமையல் மாதிரிதான். வெங்காயம் யாரும் உரிக்கலாம், உப்புப் பார்ப்பவர் தலையசைத்தால்தான் சட்டி இறங்கும். அந்த உப்புப் பார்ப்பவர்கள் கடல் கடந்து இருந்தார்கள். நம் பிள்ளை அனுப்பிய முதல் திருத்தம் திரும்பி வந்தது. ‘உங்கள் தோட்டத்துக்கு மட்டும் விலக்கு எழுதியிருக்கிறீர்கள். இதே நிலையில் இருக்கும் மற்ற ஊர்கள் என்ன செய்யும்?’ எல்லா ஊருக்குமாக எழுதினாள். அதுவும் திரும்பி வந்தது. ‘சரியாக வேலை செய்கிறது என்பதற்குச் சோதனை எங்கே?’

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது! “விடு பிள்ளை, அவை எங்கட சொல்லைக் கேக்கமாட்டினம்.” அவள் சொன்ன பதிலைக் கேளுங்கள். “கொழுந்துல முத்தல் இலை கெடந்தா, நிறுக்கிற மடுவத்துல திருப்பித்தான் குடுப்பாங்க, சேர். அதுக்காக அம்மா கூடையை வீசிட்டா வருது? பொறுக்கி எடுத்துட்டு மறுபடி நிறுக்கக் கொண்டுபோகுது.”

மறுபடி கொண்டுபோனாள்! சோதனைக்கு அவள் எழுதியது என்ன தெரியுமா? ஒரே முகவரி, இருபத்துநான்கு குடும்பம், இருபத்துநான்கு போனும் அடிக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் தோல்வி! மூன்றாம் முறை, கடல் கடந்த தலைகள் அசைந்தன. திருத்தம் ஏற்கப்பட்டது! அதை இங்கே நிறுவி, இருபத்துநான்கு குடும்பத்தையும் மறுபடி பதிந்தோம். இன்று அந்த மென்பொருளை எந்த நாட்டில் எவர் நிறுவினாலும், ஒரே முகவரிக்குள் நெருக்கியடித்து வாழும் ஒவ்வொரு குடும்பமும் தனிக்குடும்பமாக எண்ணப்படும். எண்ண வைத்தவள் யார்? நம் மேற்பிரிவுப் பெண்!

என்ன தம்பி, “மழை வந்ததைச் சொல்லுங்க” என்கிறாயா? சொல்கிறேன். போன ஐப்பசி, செவ்வாய்க்கிழமை, பகல் இரண்டு மணி. லயத்தில் அலறியது, மலையில் கொழுந்துக்கூடைக்குள் அலறியது, இருபத்துநான்கும் ஒன்றாக அலறின! “புள்ளைகளைத் தூக்குங்க, கோயிலுக்குப் போறோம்!” என்று முதலில் கத்தியவர் டொரதி அம்மா. காளிமுத்து இரண்டு கிழவர்களைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோனார். மூன்றேகாலுக்கு மலை இறங்கியது. லயம் இருந்த இடத்தில் சேறுதான் மிஞ்சியது. வீடு போயிற்று, உண்மை. அதைக் கட்டுவோம், சண்டை பிடித்தாவது கட்டுவோம், இந்தமுறை இலக்கம் போட்டுக் கட்டுவோம்! உயிர்?

மேற்பிரிவு லயத்து மக்களே, தயவுசெய்து எழுந்து நில்லுங்கள். கைக்குழந்தைகளைத் தூக்கிப் பிடியுங்கள். காளிமுத்து, நீரும் எழும்பும்! றேணுகா, கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர்களை எண்ணிப் பார், அம்மா. நான் வாசலில் நின்று இருமுறை எண்ணினேன். தொண்ணூற்றேழு பேரும் வந்திருக்கிறார்கள்.

தலைவர் அவர்களே, கடிகாரத்தை இப்போது பாருங்கள், நான் முடித்துவிட்டேன். பொறுமையோடு கேட்ட அத்தனை உள்ளங்களுக்கும் தலைதாழ்ந்த நன்றி. ஆண்டவன் அருள் அனைவருக்கும் ஆகட்டும். வணக்கம்!